அம்மாவின் பிளாக்கும் சித்தியின் கேள்வியும்

அம்மாவுக்கு வலது மார்பில் கட்டி என்றதும் வழக்கமான மார்பகப் புற்றுநோய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதிகூடக் குறித்துவிட்டார். நல்லவேளை, பயாப்சி ரிப்போர்ட் முந்திக்கொண்டது. லிம்ஃபோமாவாம், அதாவது நிணநீர் மண்டலச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். மார்பில் வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுகூட இது இருக்காது. மார்பை எடுக்கவே வேண்டாம், கீமோ போதும் என்றார்கள்.

அப்புறம் மரபணு டெஸ்ட். அதற்கு பிளாக் வேண்டும், அதாவது பயாப்சிச் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி. லேபில் ஸ்லைடு (அந்தச் சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டு) தருவோம், பிளாக் தரமாட்டோம் என்று மூன்று நாள் அலையவிட்டு, டாக்டர் கடிதம், ஆதார் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒருவழியாகக் கொடுத்தார்கள். மெழுகு உருகிவிடுமோ என்று மதுரையிலிருந்து சென்னை வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். (அந்த வெயிலுக்கெல்லாம் உருகாதாம், பிறகுதான் தெரிந்தது.)

ரிப்போர்ட்டில் இரண்டு மரபணுக்களில் மாற்றங்கள்: எம்ஒய்டி88, சிடி79பி. முதலாவதில் புரதத்தின் 265-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற இன்னொன்று. டிஎன்ஏவில் ஓர் எழுத்துதான் பிசகியிருக்கிறது, அதற்கே செல்லை வளரச் சொல்லும் சுவிட்ச் அணைய மறுக்கிறது. மூளையிலும் விரையிலும் வரும் லிம்ஃபோமாக்களிலும் இந்த இரண்டும்தான் அதிகம் தென்படுமாம். மார்பில் வந்தது மூளைக்கும் போகலாம் என்பதால் ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு சைக்கிளோடு மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தும் சேர்த்தார்கள்.

சித்தி போனில் ஒரே கேள்விதான் கேட்டார். "மரபணுன்னா உனக்கும் வரும்ல?" இரண்டு நாள் தூக்கம் போயிற்று. டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "இது பரம்பரையா வந்ததில்லம்மா, அந்தக் கட்டியோட செல்லுல மட்டும் பின்னாடி ஏற்பட்ட மாத்தம். இதுக்காக நீங்க டெஸ்ட் எடுக்க வேண்டாம்." இதை ரிப்போர்ட் கொடுக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆர்-சாப்பில் ஒரு மருந்தான ரிட்டுக்ஸிமாப் முதல்முறை ஏறும்போது குளிரில் அம்மாவுக்குப் பல் கிட்டியது, சொட்டும் வேகத்தைக் குறைத்ததும் சரியானது. அதே ஆர்-சாப்பில் உள்ள சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும், ரத்தமோ என்று பதறாதீர்கள்.

உடம்பில் புற்றுநோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் கடைசி பெட் (PET) ஸ்கேனில் கட்டி இல்லை. பிளாக் திரும்பி வந்து பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது பரம்பரை இல்லை என்பதில் சித்திக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.