மலையின் நிழலைப் பின்பற்றி ஒரு சுற்று

போன வழியே திரும்பி வரும் பாதையில் ஓடுவது வேறு, வட்டப் பாதையில் ஓடுவது வேறு என்பதை நான் முழுமையாக உணர்ந்தது, பாலைநிலத்து மலை ஒன்றை இரண்டு முறை, இரண்டு எதிர்த் திசைகளில் ஓடிச் சுற்றிய பிறகுதான். அந்தச் சுற்றின் நீளம் 22 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 1,050 மீட்டர். வடக்கு அடிவாரத்தில் தொடங்கி, ஒரு பக்கச் சரிவில் 9 கிலோமீட்டர் ஏறி, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத முகட்டில் 4 கிலோமீட்டர் கடந்து, மறுபக்கச் சரிவில் 9 கிலோமீட்டர் இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். வழியில் ஓரிடத்திலும் தண்ணீர் கிடையாது.

மலைப்பாதையில் ஆகும் நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892 ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியை வகுத்தார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அந்த விதி. அதன்படி இந்தச் சுற்றை நடந்து முடிக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஓடினால் நான்கரை மணி நேரம் போதும் என்று நான் கணக்கிட்டேன். தூரத்தையும் ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நான் வெயிலை எடுத்துக்கொள்ளவில்லை. பாலைத்திணைக்கு உரிய சிறுபொழுது நண்பகல் என்று நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கும்போது, அந்த நண்பகலில் நான் மலையின் எந்தப் பக்கத்தில் இருப்பேன் என்று ஒரு முறைகூட யோசிக்காமல் புறப்பட்டது என் தவறு.

முதல் முறை, குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாட்களில், சூரியன் உதித்த பிறகு காலை 6.30 மணிக்கு, இரண்டரை லிட்டர் தண்ணீருடன் மேற்குச் சரிவு வழியாக ஏறினேன். சூரியன் மலைக்கு அந்தப் புறம் இருந்ததால் ஏற்றம் முழுவதும் நிழலாக இருந்தது. கால்கள் இலகுவாக இருந்தன. முகட்டை எட்டியபோது மணி 8.45. இதுவரை வந்தது போலவே மீதியும் இருக்கும் என்ற நம்பிக்கையை அந்த நிழல் எனக்குள் விதைத்துவிட்டது. முகட்டைக் கடந்து கிழக்குச் சரிவில் காலை வைத்தபோது மணி 9.45 ஆகியிருந்தது. அந்தச் சரிவின் பாறைகள் அதற்குள் மூன்றரை மணி நேரம் வெயிலைக் குடித்திருந்தன. பாலைப் பாறைகளின் மேல் நெடுங்காலமாகப் படியும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் அவற்றுக்கு ஒரு கருமையான பூச்சைத் தருவதுண்டு. அந்தக் கரும்பரப்பு வெயிலை விழுங்கி வெப்பமாகத் திருப்பிக் கொடுக்கிறது. தலைக்கு மேலிருந்து ஒரு சூடு, பாதையிலிருந்து ஒரு சூடு, பக்கத்துப் பாறைச் சுவரிலிருந்து மற்றொரு சூடு என மூன்றுக்கும் நடுவில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

இறக்கம் எளிதானது என்று மலையில் ஓடாதவர்கள் எண்ணக்கூடும். உண்மையில், தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், தசை இழைகள் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகம் சிதைகின்றன. அந்த வலி உச்சத்தை எட்டுவதும் ஓடி முடித்து ஒன்றிரண்டு நாட்கள் கழித்துத்தான். பெயர்ந்து விழுந்த சரளையின் மேல் இறங்கும்போது காலடிகள் குறுகியவையாகவும் விரைவானவையாகவும் இருக்க வேண்டும். பார்வை பாதத்தின் மேல் இல்லாமல் நான்கைந்து அடி முன்னால் பதிந்திருக்க வேண்டும். பயத்தில் உடலைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கும். இவற்றையெல்லாம் செய்வதற்குத் தெளிந்த மனம் தேவை. வெப்பம் முதலில் பறித்துக்கொண்டது அந்தத் தெளிவைத்தான்.

வறண்ட காற்றில் ஓடும்போது வியர்வை கண்ணில் படுவதில்லை. தோலுக்கு வந்த கணமே அது ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும் என்பதால், பாலைக்காற்று ஒரு வகையில் ஓடுபவருக்கு நன்மையே செய்கிறது. ஆனால் எவ்வளவு இழக்கிறோம் என்பதை அது மறைத்தும் விடுகிறது. சட்டை நனையாமல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டுதான் நான் கணக்கைப் புரிந்துகொண்டேன். 17 ஆவது கிலோமீட்டரில் நீர்ப்பை காலியானது. சற்று நேரத்தில் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் உடல் சிலிர்ப்பது ஆபத்தின் அறிகுறி. பாதையைக் காட்டும் கற்குவியல் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு இருநூறு மீட்டர் தூரம் வேறொரு சரிவில் இறங்கி, மீண்டும் ஏறி வந்தேன். பிறகு, முன்னோக்கி நீண்டிருந்த ஒரு பாறையின் அடியில் நிழலைக் கண்டு, இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடத் தொடங்கிய நாளிலிருந்து நான் செய்த மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக அதைக் கருதுகிறேன். மீதியை நடந்தே முடித்தபோது, புறப்பட்டு 5 மணி 20 நிமிடம் ஆகியிருந்தது.

புறப்படும் முன்னும் முடித்த பின்னும் எடை பார்ப்பது என் வழக்கம். 3.4 கிலோ குறைந்திருந்தது. குடித்த இரண்டரை லிட்டரையும் சேர்த்தால் ஏறத்தாழ 5.9 லிட்டர், அதாவது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழந்திருக்கிறேன். இதைக் கேட்டவுடன் நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்று முடிவு கட்டுவதும் ஆபத்தானது. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது; ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் அந்த ஆபத்து மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே தாகத்தை மதித்து, உப்பையும் சேர்த்துக்கொண்டு, அளவோடு குடிப்பதே சரி. தண்ணீரைச் சுமப்பதைவிட இழப்பைக் குறைப்பது மேலானது என்ற எண்ணம் எனக்கு அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் வந்தது.

முகட்டில் நின்ற அந்தத் தருணத்தைப் பல நாட்கள் நினைத்துப் பார்த்தேன். போன வழியே திரும்பும் பாதையாக இருந்தால், தண்ணீர் பாதியானதும் திரும்ப வேண்டும் என்ற விதி தெளிவாக இருக்கும். வட்டப் பாதையில் நடுவிடத்தை அடைந்துவிட்டால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தூரம். எப்படியும் அதே தூரம்தானே, சுற்றை முடித்துவிடுவோம் என்று மனம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தூரம் சமம் என்பதால் கடினமும் சமம் ஆகிவிடாது. முகட்டின் நடுவில் என்னிடம் ஒரு லிட்டர் இருந்தது; பின்னால் நான் அறிந்த, நிழலான, குளிர்ந்த சரிவு இருந்தது; முன்னால் நான் அறியாத, வெயில் காயும் சரிவு இருந்தது. அன்று நான் திரும்பியிருக்க வேண்டும். வரைபடத்தில் வட்டம் முழுமையடைய வேண்டும் என்ற ஆசை என்னை முன்னால் தள்ளியது.

இரண்டாம் முறை மூன்று வாரம் கழித்துச் சென்றேன். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அந்தக் காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதில் கலந்து வெளியேறும் உப்பும் குறைகிறது. அதற்காகத் தினமும் பகல் வெயிலில் மெதுவாக ஒரு மணி நேரம் ஓடிப் பழகியிருந்தேன். ஆனால் இந்த முறை பெரிய மாற்றம் திசையும் நேரமும்தான். அதிகாலை 4.15 மணிக்கு, மூன்றரை லிட்டர் தண்ணீருடன், கிழக்குச் சரிவில் ஏறத் தொடங்கினேன். கிழக்குப் பாறைகள் முந்தைய நாள் பிற்பகலிலேயே நிழலுக்குள் போய்விடுவதால் அவற்றுக்குக் குளிர நீண்ட நேரம் கிடைக்கிறது. பாறையைத் தொட்டால் கை சில்லிட்டது. விளக்கை நெற்றியில் கட்டினால் கற்களின் நிழல் கண்ணுக்குத் தெரியாமல் தரை தட்டையாகத் தோன்றும் என்பதால், அதைக் கழற்றி இடுப்பருகே கையில் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கல்லும் நீண்ட நிழலுடன் தன் உயரத்தைக் காட்டியது. பாம்புகள் ஒதுங்கும் இடம் என்பதால், பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைப்பதை மட்டும் தவிர்த்தேன்.

முகட்டை அடைந்தபோது மணி 6.15. என் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. மலையின் நிழல் மேற்குச் சமவெளியில் ஒரு பெரிய முக்கோணமாக, தொடுவானத்தை நோக்கிக் கூர்மையாகி நீண்டு கிடந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் நான் ஓடவேண்டிய பாதையின் பெரும்பகுதி அந்த நிழலுக்குள்தான் இருந்தது. சிறிது நேரம் நின்று பார்த்தேன். அதைப் பார்ப்பதற்காகவே மீண்டும் ஒரு முறை அந்த மலையில் ஏறலாம்.

மேற்குச் சரிவின் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஒரு வறண்ட ஓடைப் படுகையில் செல்கிறது. தொலைவில் பெய்யும் மழைகூடச் சிறிது நேரத்தில் அங்கே வெள்ளமாக வந்துவிடும் என்பதால், வானம் எந்தத் திசையில் கறுத்திருந்தாலும் நான் அந்தச் சுற்றைத் தொடங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அன்று வானம் தெளிவாக இருந்தது. மணலில் குறுகிய அடிகளாக ஓடி, 8.20 மணிக்கு அடிவாரத்தைத் தொட்டபோது, நீர்ப்பையில் ஒரு லிட்டருக்குமேல் மிச்சம் இருந்தது. சுருங்கிக்கொண்டே வந்த நிழலின் விளிம்பு, பாதைக்கு வெளியே பத்து அடி தள்ளி நின்றிருந்தது.