நுரையீரல் ரத்தக்கட்டின் அளவைக் கணக்கிடுவது: ரேடியாலஜி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

பல்மனரி எம்போலிசம் (ரத்தக்கட்டு நுரையீரல் தமனியை அடைப்பது) கேஸ் தேர்வில் வந்தால், கட்டு இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "எவ்வளவு அடைத்திருக்கிறது?" என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். எம்.டி. படிக்கும்போது இதற்கென்றே தனியாக உட்கார்ந்து பழகினேன். இன்று இரவு டியூட்டியில் ரிப்போர்ட் எழுதும்போதும் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

அடைப்பின் அளவை எண்ணாகச் சொல்வதுதான் ஸ்கோர். அதற்கு முன் அனாடமி. ஒவ்வொரு நுரையீரலிலும் 10 செக்மென்டல் தமனிகள் (மடலின் உட்பகுதிகளுக்குப் போகும் கிளைகள்) என்று கணக்கு: மேல்மடலில் 3, நடுமடலில் (இடப்பக்கம் என்றால் அதற்கு ஈடான லிங்குலா பகுதியில்) 2, கீழ்மடலில் 5. தமனி பிராங்கஸோடு (மூச்சுக்குழாய்க் கிளையோடு) சேர்ந்தே போகும். சிரை தனியே ஓடி இதயத்தின் இடது ஏட்ரியத்தில் (மேலறையில்) சேரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சிரையைத் தமனி என்று குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

2001-இல் வெளியான கனாட்லி ஸ்கோரைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். ஒரு செக்மென்டல் தமனி பகுதியளவு அடைத்திருந்தால் 1, முழுதும் அடைத்திருந்தால் 2. பெரிய தமனியில் கட்டு இருந்தால், அதிலிருந்து பிரியும் செக்மென்டல் தமனிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 40, அதைச் சதவீதமாக்கிச் சொல்கிறோம். இடது மெயின் தமனி முழுதும் அடைத்திருந்தால் 10 × 2 = 20, அதாவது 50%. மடல் தமனியில் எண்ணிவிட்டு, அதன் கீழுள்ள கிளையை மறுபடி சேர்த்துவிடக் கூடாது. துணைக்கிளையில் மட்டும் சிறு கட்டு இருந்தால் அந்தச் செக்மென்டுக்கு 1.

மஸ்டோரா ஸ்கோர் 2003-இல் வந்தது. 31 தமனிகள், ஒவ்வொன்றுக்கும் 5 வரை, மொத்தம் 155. இன்னும் நுணுக்கமானது, ஆனால் நேரம் பிடிக்கும். தேர்வுக்கு அமைப்பு தெரிந்தால் போதும்.

கணக்கு சரியாக வர, சி.டி. ஸ்கேன் சரியாக இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் பளிச்செனக் காட்டும் மருந்து) பல்மனரி ட்ரங்க்கில், அதாவது நுரையீரல் தமனிகள் பிரியும் முதன்மைக் குழாயில், நன்றாக நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோவை (திரையில் காட்டும் சாம்பல் நிற வரம்பை) அகலமாக்குங்கள், மார்பின் நடுப்பகுதியைப் பார்க்கும் வழக்கமான மீடியாஸ்டினல் விண்டோவில் பளிச்சென்ற கான்ட்ராஸ்ட் சிறு கட்டை மறைத்துவிடும். பழைய கட்டு ஒதுங்கி, சுவரோடு ஒட்டி, வலை போலத் தெரியும். அதைப் புதிய கட்டோடு சேர்த்து எண்ணினால் ஸ்கோருக்கு அர்த்தமே இல்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதயத்தைப் பற்றி. அடைப்பு எவ்வளவு என்பது ஒன்று, இதயத்தின் வலது வென்ட்ரிக்கிள் (கீழறை) அதைத் தாங்குகிறதா என்பது வேறு. ஏற்கெனவே இதய, நுரையீரல் நோய் உள்ளவருக்குச் சின்னக் கட்டே உயிருக்கு ஆபத்தாகலாம். இளவயதினர் பெரிய அடைப்போடும் நிலையாக இருப்பதுண்டு. ஆகவே ஆர்வி-எல்வி விகிதத்தை (வலது, இடது வென்ட்ரிக்கிள் அகலங்களின் விகிதத்தை) அளந்து எழுதுங்கள். 2019 ஐரோப்பிய வழிகாட்டலில் 1.0-க்கு மேல் என்பது எச்சரிக்கை அளவு. இரண்டு அறைகளின் அதிகபட்ச அகலமும் ஒரே ஸ்லைஸில் கிடைக்க வேண்டியதில்லை, வெவ்வேறு ஸ்லைஸில் அளக்கலாம். இரு வென்ட்ரிக்கிள்களுக்கு நடுவிலுள்ள செப்டம் (சுவர்) இடப்பக்கம் வளைந்திருக்கிறதா, ஐவிசிக்குள் (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரைக்குள்) கான்ட்ராஸ்ட் திரும்பியிருக்கிறதா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். சிகிச்சை தரும் டாக்டர் தேடுவது இந்த வரிகளைத்தான்.

பழகுவதற்கு ஒரு வழி: ஒரே ஸ்கேனுக்கு நீங்களும் நண்பரும் தனித்தனியாக ஸ்கோர் போட்டு, எந்தச் செக்மென்டில் வேறுபடுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மூச்சசைவில் மங்கும் கீழ்மடல் கிளைகளில்தான் இருக்கும். அங்கே கொரோனல் (முன்பக்கமிருந்து பார்ப்பது போன்ற) படங்களையும் திறந்து, பிராங்கஸைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடருங்கள்.