போய்ச் சேர்ந்த சேதி

அக்காவுக்காகத்தான் முதலில் போனேன். ஒன்பது வருஷ சிகிச்சைக்குப் பிறகு, இனி வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டைதான் வழி என்று டாக்டர் சொன்னதும், "என்னோடத எடுத்துக்கோக்கா" என்றேன். முடியாதாம். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான், யாருக்கு யார் கொடுத்தது என்று தெரியாமல்தான் கொடுக்க முடியும். அக்காவுக்கு வேறு ஒரு பெண் கொடுத்தாள். அந்த முகம் தெரியாதவளை நினைத்து நினைத்தே நானும் வங்கியில் பெயர் கொடுத்தேன். பணம் கிடையாது, ஓராண்டுக் காப்பீடு மட்டும். 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், எனக்கு 29.

மாதவிலக்கான இரண்டாம் நாள் ஸ்கேன், பிறகு தினமும் அடிவயிற்றில் ஊசி. மருந்தை மாமியார் கண்ணில் படாமல் ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் வயிறு உப்பிவிட்டது. மகள் பாதித் தோசையை மிச்சம் வைத்ததற்கு அழுதேன். ஹார்மோன்தான் என்றார்கள். பாதி உண்மை.

பிறக்கும் குழந்தைமேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்று அது ஒரு வரி, அவ்வளவுதான். முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசியான டிரிகர் ஊசி போட்ட ராத்திரி, தூங்கும் மகளின் காதைப் பார்த்தேன். அச்சு அசல் என் அம்மாவின் காது. அப்போதுதான் அந்த வரி உறைத்தது. ஆனாலும் பின்வாங்கத் தோன்றவில்லை.

சுமார் 36 மணி நேரம் கழித்து முட்டைகளை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் சிஸ்டர், "ஏழு" என்றார். அதற்கு மேல் எடுக்கக் கூடாது; வாழ்நாளில் ஒருமுறைதான்.

மறுநாள் போன் வந்தது. வலி இருக்கா, ரத்தப்போக்கு இருக்கா, மூச்சு வாங்குதா என்று கேட்டார்கள். மனசைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்த மாதவிலக்கு வந்த அன்று குளியலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் புறப்படுகிறவர்களிடம் "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்போமே, அந்த போன் வராத தவிப்பு அது. கொடுத்துச் சில மாதம் கழித்து ஒரு கவுன்சலர் கூப்பிட்டுப் பேசுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தத் தவிப்புக்கு ஒரு பெயராவது அன்று கிடைத்திருக்கும்.

அக்கா பையனுக்கு இப்போது ஏழு மாதம். "மூக்கு யாரு மாதிரி?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது அக்கா என்னைப் பார்ப்பாள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். எந்த ஊரில் இருக்கிறாளோ அவள். "பத்திரமா வந்து சேர்ந்துட்டான்மா" என்று சொல்லிக்கொள்வேன்.