காற்று மேற்கிலிருந்து: ஒரு நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போகவில்லை. இரவு மூன்று மணிக்குப் பிறகு தூக்கம் வரவில்லை. விடிந்தபோது இரண்டு இமைகளும் வீங்கி, கண்ணைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. கழுத்து மடிப்பில் தோல் தடித்து வரிவரியாக வெடித்திருக்கிறது. தலையணை உறையில் மஞ்சளாக நீர் காய்ந்திருந்ததைக் கண்ட என் மனைவி, ஒன்றும் பேசாமல் அதை உருவிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 4

காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. பக்கத்து மனை முழுவதும் பார்த்தீனியக் களையின் வெள்ளைப் பூ.

ஆகஸ்ட் 5, திங்கள்

மருத்துவர் முதலில் என் காதுமடல்களை மடக்கிப் பின்புறத்தைப் பார்த்தார். பிறகு மோவாயின் அடியையும், முழங்கை மடிப்பையும் பார்த்தார். வெயிலால் மட்டும் வரும் தடிப்பாக இருந்தால், நிழல் விழும் இந்த இடங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்றும், தூசியாகக் காற்றில் வருவது மடிப்புகளிலும் போய்த் தங்கும் என்றும் சொன்னார். ஐந்து மாதமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசிய களிம்பை எடுத்துக் காட்டினேன். கிளோபெட்டசால், வீரியமான ஸ்டீராய்டு என்று படித்தவர், முகத்தில் தொடர்ந்து பூசினால் தோலை மெலியவைத்துவிடும் என்று கூறி அதை அங்கேயே குப்பையில் போட்டார். அந்தக் களிம்புதான் என்னைக் காப்பாற்றி வருகிறது என்று இத்தனை நாளாக நம்பியிருந்தேன்.

எதனால் ஒவ்வாமை என்று கண்டறிய, முதுகில் சின்னச்சின்ன அலுமினியக் கிண்ணங்களை நாடாவோடு ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் பார்த்தீனியச் சாறு. ஒன்றில், அவர் கேட்டதற்காக நான் அப்பாவின் தோட்டத்திலிருந்து காகிதத்தில் பொதிந்து கொண்டுபோன செவ்வந்தியின் இதழும் இலையும். மற்றவை என்னென்ன என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வரையில் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, முதுகு நனையக் கூடாது.

பார்த்தீனியமாக இருக்கட்டும். செவ்வந்தியாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 6

முதுகு அரிக்கிறது. எந்தக் கிண்ணத்தின் கீழ் என்று சொல்ல முடியவில்லை.

பகல் முழுவதும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களே நினைவில் வந்துகொண்டிருந்தன. ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய், பள்ளி மைதானத்திலும், ஏரிக்கரையிலும், சுகாதார நிலையத்தின் பின்புறத்திலும் அந்தச் செடிகளைப் பிடுங்கவைத்தவன் நான். வேரோடு வர வேண்டும், பாதியில் ஒடிக்காதீர்கள் என்று சொன்னேனே தவிர, கையுறை போடுங்கள் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. கூடவே, 1955-ஐ ஒட்டிப் புனே பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்ட செடி இது, அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகச் சொல்கிறார்கள் என்று பாடமும் நடத்தினேன். அந்தப் பாடத்தில் வரலாறு இருந்தது, அந்தப் பிள்ளைகளின் தோல் இல்லை. ஒருமுறை ஒரு மாணவன் தன் முன்கையைக் காட்டி அரிக்கிறது ஐயா என்றபோது, சோப்புப் போட்டுக் கழுவு, சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் முகம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நாடாவைப் பிரித்தார்கள். மருத்துவர் பேனாவால் ஒவ்வோர் இடத்தையும் குறித்துவிட்டு, இந்த வகை ஒவ்வாமை மெதுவாக எழும்புவது, வெள்ளிக்கிழமையும் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். வீட்டுக்கு வந்ததும் இவளைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். இரண்டு கட்டங்கள் சிவந்திருக்கின்றன. இரண்டாவது எது என்று மாலை வரையில் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8

அப்பா வந்திருந்தார். “முப்பது வருசமா வெறுங்கையில பிடுங்கறேன், எனக்கு ஒண்ணும் பண்ணாத செடி உனக்கு மட்டும் ஏன்டா பண்ணுது?” என்று கேட்டார். எல்லார் உடம்பும் அதைப் பகையாக எடுத்துக்கொள்வதில்லை, ஒருமுறை எடுத்துக்கொண்டால் பிறகு எளிதில் மறக்காது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். செவ்வந்தியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. செடிகள் மொட்டு பிடித்துவிட்டனவாம். ஆயுத பூசைக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டும்தான்.

பார்த்தீனியத்துக்கு மூன்று கூட்டல் குறி, செவ்வந்திக்கு இரண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளாம். சூரியகாந்தியும் துலுக்கச்சாமந்தியும் அதே குடும்பம். ஒன்றால் கெட்ட உடம்பு மற்றவற்றையும் அதே பகையாக அடையாளம் காணக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். ஐந்து வயதில் அந்தப் பாத்திகளுக்கு நடுவே ஈரச்சாக்கில் படுத்துத் தூங்கியவன் நான். அம்மா பூப் பறித்துக்கொண்டு வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வரும்போது, அவள் மடியிலிருந்து வந்த அந்தக் கசந்த மணம்தான் எனக்கு அம்மாவின் மணம்.

அப்பாவிடம் யார் சொல்வது?

ஆகஸ்ட் 10

இவள் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. கொடிக்குள் வைத்து மடிப்பது எப்போதும் எங்கள் தோட்டத்துச் செவ்வந்தி இதழ்களைத்தான். கயிற்றை இழுத்ததும் அவை பிள்ளைகளின் தலைமேல் விழும்.

ஆகஸ்ட் 19

அசாத்தியோபிரின் தொடங்கியாயிற்று. உடம்பின் எதிர்ப்பையே தணிக்கும் மாத்திரை என்பதால், முதலில் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதித்துப் பார்த்த பிறகே கொடுத்தார். இடையிடையே மீண்டும் சோதிக்க வேண்டுமாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரையில் மென்மையான களிம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், குளித்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் எண்ணெய்ப்பசை உள்ள பூச்சு, முழுக்கைச் சட்டை. துணிகளை வெளிக்கொடியில் காயப்போடக் கூடாது என்பது மட்டும் எனக்கே தோன்றியது. தூசி முதலில் உட்காருவது ஈரத்துணியில்தானே.

ஆகஸ்ட் 22

பழைய மாணவர்கள் நான்கு பேருடன் பேசினேன். மூவருக்கு ஒன்றுமில்லை. நான்காமவன், மழைக்காலம் வந்தால் மட்டும் கழுத்தில் அரிக்கும் ஐயா, வியர்க்குரு என்று விட்டுவிடுவேன் என்றான். எத்தனை ஆண்டாக என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து என்றான். தோல் மருத்துவரிடம் போகச் சொல்லி, பேருந்துச் செலவை நான் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் ஐயா என்று சிரித்தான். நாளை மறுபடியும் அழைக்க வேண்டும். இந்த ஆண்டு முகாம் நடத்தப்போகும் ஆசிரியருக்கு, கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாத ஒரு பிள்ளையையும் அந்தச் செடியருகே விடாதீர்கள் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 25

செடிகளைப் பிடுங்க ஒருவழியாகப் பக்கத்து மனைக்காரர் ஒப்புக்கொண்டார். நேற்றைய மழையில் மண் இளகியிருந்ததால் வேரோடு வந்தன. நான் சன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடுங்கியதைக் குவித்துக் காயவிடக் கூடாது, காய்ந்த செடி பொடியானால் அதுவும் காற்றில் பறக்கும் என்று கண்ணாடிக்கு உள்ளிருந்தே கத்தினேன். குழி வெட்டிப் புதைத்தார்கள். பூ வருவதற்கு முன்பே பிடுங்கியிருக்க வேண்டும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். கொட்டியவை இப்போது அந்த மண்ணில்தான் கிடக்கின்றன. தகரை விதைத்தால் அது முந்திக்கொண்டு வளர்ந்து இதை அமுக்கும் என்பதால், அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 1

ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. பிள்ளையாருக்கு அருகம்புல்லும் மல்லிகையும் மட்டும்.

ஒன்பது மணிக்கு அப்பா வந்தார். வாசலிலேயே நின்று குழாயைத் திறந்து, முழங்கை வரையில் சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். பிறகு, பையிலிருந்து வேறு சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டு, கழற்றியதைச் சுருட்டி வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். எழுபத்து நான்கு வயதில் அவர் என் வீட்டு வாசலில் நின்று கை கழுவியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொழுக்கட்டை சாப்பிடும்போது, அடுத்த பட்டத்துக்குச் செவ்வந்தி நிற்கும் அறுபது சென்ட்டிலும் மல்லிகை வைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். வேண்டாம் அப்பா என்றேன். இன்னும் கொஞ்சம் பூரணம் வைக்கச் சொல்லி இலையைக் காட்டினார்.

செப்டம்பர் 8

இடது காதின் பின்புறம் மறுபடியும் சிவந்திருக்கிறது. மேற்குக் காற்று நின்றபாடில்லை. அந்த மாணவன் இன்னும் மருத்துவரிடம் போகவில்லை. நாளை காலையில் எனக்கு அடுத்த இரத்தப் பரிசோதனை; வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.