ஆறு மாதக் கெடு

2024 ஜூலை 7, ஞாயிறு

எதிர்வீட்டு மாமா காலை எட்டு மணிக்கே வாக்களிக்கப் புறப்பட்டுவிட்டார். பிரெஞ்சுக் குடிமகன் அவர்; இங்கே புதுச்சேரியிலும் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று இன்று. வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாக ஆட்டோவுக்குக் காத்து நின்றவர், என்னைக் கண்டதும், “அப்பா எப்படிம்மா இருக்காரு?” என்று கேட்டார். இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார் என்றேன். ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலுக்கு நானும் அப்பாவும் இதே தெருவிலிருந்துதான் போனோம். அன்று அவர் என் தோளைப் பிடிக்காமலே நடந்தார். அன்று வைத்த மை நகத்தோடு வளர்ந்து, இப்போது என் விரல் நுனியில் ஒரு கீற்றாக நிற்கிறது. இருபதடித் தெருவின் இந்தப் பக்கம் ஒரு குடியரசு, அந்தப் பக்கம் இன்னொரு குடியரசு.

தாத்தாவின் பிரெஞ்சுக் குடியுரிமைத் தாள் எங்கே என்று தம்பி மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டான். மாலையில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினேன்.

ஜூலை 8, திங்கள்

தாள் கிடைத்தது. கையெழுத்து இல்லை.

ஜூலை 11, வியாழன்

மூன்று நாட்களாக அதையே எடுத்துப் பார்க்கிறேன். கோடு போட்ட முழுத்தாள்; நான்காக மடித்த மடிப்பில் கிழிந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலில் கூரை ஓடுகள் பறந்து பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியபோது, இடப்பக்க ஓரத்தில் நீல மை கரைந்து மேகம்போலப் படர்ந்துவிட்டது. எழுதியவர் யாரோ பழகிய எழுத்தர். சாய்வான, சீரான பிரெஞ்சுக் கையெழுத்து. தாத்தாவின் பெயர், பிறந்த ஆண்டு 1922, முதலியார்பேட்டை, ஆலைத் தொழிலாளி. அதன்கீழ் வரிசையாக மூன்று பிள்ளைகள்: அத்தை, அப்பா, சித்தப்பா. அதற்கும் கீழே, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புவதாக இரண்டு வரிகள். பிறகு நான்கு விரற்கடை அளவுக்கு வெற்றிடம்.

புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்க பிரான்சும் இந்தியாவும் 1956 மே 28-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு கேட்டது இதைத்தான். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16-இலிருந்து ஆறு மாதத்துக்குள், இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம். தெரிவிக்காவிட்டால் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனின் முடிவே முடிவு. அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்று உண்டு. 1954 நவம்பர் 1 அன்றே ஆட்சி கைமாறிவிட்டது; மூவண்ணக் கொடி ஏறிவிட்டது; அப்பா பள்ளிக்கூடத்தில் ஜன கண மன பாடித்தான் வளர்ந்தார். ஆனால் ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் 1962-இல்தான் கிடைத்தது. அல்ஜீரியப் போர் முடிவதற்கு முன் அதைக் கையில் எடுக்க அங்கே எவருக்கும் மனம் வரவில்லை. அந்த ஏழே முக்கால் ஆண்டுகளும், காலையில் இந்தியக் கொடிக்கு வணக்கம் சொன்ன அந்தச் சிறுவன் சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சுக்காரன். இதை ஒரு பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைத்தான் படித்தோம். அவற்றில் எங்கள் விடுதலைக்கும் 1947 ஆகஸ்ட் 15 தான் நாள்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று பிரான்சின் தேசிய நாள். கடற்கரைக்குப் போய் வந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஆள் கிடைத்தது.

போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார்கள். இரண்டு நாட்டுப் பண்களும் ஒலித்தன. மாமா நெஞ்சில் நான்கு பதக்கங்களோடு, எண்பத்தாறு வயதிலும் முதுகு வளையாமல் நின்றார். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட இந்த ஊர்க்காரர்களுக்காக எழுப்பிய சின்னம் அது. சாலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கு முதுகு காட்டிக் காந்தி நிற்கிறார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது மாமாவிடம் கேட்டேன்: “நீங்க எப்ப மாமா கையெழுத்துப் போட்டீங்க?”

“நான் எங்கம்மா போட்டேன்? அப்ப நான் பிரான்சுல, முகாம்ல இருந்தேன். சொல்தாவுக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனுக்கு, எதுக்கு அதெல்லாம்? வெளிநாட்டுல குடியிருந்தவங்க தானாவே பிரெஞ்சு.”

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை மறுபடியும் படித்தேன். ஏழாம் பிரிவு. மாமா சொன்னது சரி. இங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் எதுவும் எழுதித் தராவிட்டால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். மாமாவும் கையெழுத்திடவில்லை, தாத்தாவும் கையெழுத்திடவில்லை. ஒருவர் வாய் திறக்காததால் பிரெஞ்சுக்காரராக இருந்தார். இன்னொருவர் வாய் திறக்காததால் இந்தியரானார். ஒரே தெருவில் கோலி ஆடியவர்களின் நாடு, அந்த ஆகஸ்டில் யார் எந்த ஊரில் படுத்துறங்கினார் என்பதைப் பொறுத்துப் பிரிந்தது.

எனக்கு இது போதாது. தாத்தா சும்மா இருந்துவிட்டார் என்பதை ஏற்க முடியவில்லை. சும்மா இருக்கப் போகிறவர் எழுத்தருக்குக் காசு கொடுத்து மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதச் சொல்வாரா?

ஜூலை 19, வெள்ளி

பக்கவாதத்தில் குழறிப்போன பேச்சுக்கு அப்பாவுக்குப் பயிற்சி. “ஆ”, “ஈ”, “ஊ”. கண்ணாடி முன்னால் பத்து முறை. “ஊ” வரவில்லை. அப்பா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.

ஜூலை 22, திங்கள்

தாளைப் படுக்கையருகே வைத்துவிட்டு மருந்து எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா அதை இடக்கையால் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். “தாத்தா ஏம்ப்பா இதுல கையெழுத்துப் போடல?” என்று மெதுவாகக் கேட்டேன். வாய் ஒரு பக்கமாக இழுக்க, வெகுநேரம் முயன்று ஒரு சொல் சொன்னார். மோதிரம். மறுபடியும் கேட்டேன். மோதிரம் என்றே சொன்னார். பிறகு அழுதார். இந்த நோயில் காரணமில்லாமலும் அழுகை வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்று வந்தது அப்படிப்பட்ட அழுகை இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

மறவாமல் குறித்து வைக்க வேண்டிய நாள். 1936-இல் இதே நாளில், இந்த ஊர்ச் சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. தாத்தாவுக்கு அப்போது பதினான்கு வயது. வெளியே கூட்டத்தில் நின்றிருந்தாராம். வெடிச் சத்தத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. தெருவில் சிதறிக் கிடந்த சோற்றுத் தூக்குகளைப் பற்றி மட்டும் சொல்லுவார், எவ்வளவு சோறு மண்ணாகிவிட்டது என்று.

அதைக் கண்ட மனிதர் இருபத்தாறு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுக்காரனாகவே இருக்க விரும்புவதாக எப்படி எழுதச் சொன்னார்? அந்தச் சட்டத்தால் எட்டு மணி நேரம் முடிந்ததும் வீடு திரும்பியவரும் அவர்தான். சுட்ட கை, சட்டம் எழுதிய கை என்று பிரித்துப் பார்க்கும் வசதி அவருக்கு இருந்திருக்காது. வெளிநாட்டுப் பென்ஷன் வாங்கும் வீடுகளில் மாடி எழும்பிக்கொண்டிருந்ததையும் அவர் பார்த்திருப்பார். மூன்று பிள்ளைகள், ஒரு கூலி. அவர் மனம் அலைந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கடலூர் போய் வந்தேன். பேருந்து முள்ளோடையைத் தாண்டும்போதெல்லாம் அம்மாவின் நினைவு வருகிறது. அம்மாவைப் பெற்ற ஆயா, ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்த எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்ததாகச் சொல்லுவாராம். 1949-இல் இந்தியாவுக்கும் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கும் இடையிலான சுங்க உடன்பாடு முறிந்த பிறகு, முறத்தில் வைத்த வெற்றிலை பாக்குகூட அந்நியச் சரக்கு. இன்று நடத்துநர் சீட்டுக் கிழிப்பதற்குள் எல்லை கடந்துவிடுகிறது.

அத்தை மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் எனக்காக உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு வயது. தாளைக் கொடுத்ததும் மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பிரெஞ்சில் படித்தார். தம் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. “எம் பேர தப்பா எழுதியிருக்கான் பாரு,” என்றார். அறுபத்திரண்டு ஆண்டுகளில் இந்தத் தாளை அவர் பார்ப்பது இதுவே முதல்முறை.

மோதிரம் என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். அந்தக் கார்த்திகையில் சீனாக்காரன் சண்டை. ஊரெல்லாம் பாதுகாப்பு நிதி திரட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவிடம் ஏதாவது கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பொன் என்று இருந்தது ஆயாவின் தாலியும், தாத்தாவின் சுண்டுவிரலில் இருந்த மெல்லிய மோதிரமும்தான். அப்பா மூன்று நாள் சோறு உண்ணாமல் அடம்பிடித்தாராம். நான்காம் நாள் தாத்தா சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து மோதிரத்தைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்து, பை வாயில் ஊக்கும் குத்தி அனுப்பினாராம்.

“அதனாலதான் போடலையா அத்தை?”

“அது எனக்குத் தெரியாதுடி. பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் சட்ட மாட்டிக்கிட்டுக் கெளம்புனாரு. சாயங்காலம் திரும்பி வந்தாரு. ஆயா என்னான்னு கேட்டுச்சு. கூட்டமா இருக்குதுன்னாரு. அப்புறம் போவல.”

1962 அக்டோபர் 20-இல் போர் தொடங்கியது. நவம்பர் 21-இல் சீனா போரை நிறுத்தியது. தாத்தாவுக்குக் கிடைத்த ஆறு மாதத்தின் நட்டநடுவே அந்தப் போர் நடந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் படித்தும் இந்த இரண்டு தேதிகளை நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

தம்பியோடு தொலைபேசியில் சண்டை. கையெழுத்தில்லாத தாள் எந்த அலுவலகத்திலும் செல்லாது என்று அவன் கேட்ட வக்கீல் சொல்லிவிட்டாராம். “அப்பவே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா என் புள்ளைங்க பாரிஸ்ல படிச்சிருக்கும்,” என்றான். அவன் கவலை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. தாத்தாவின் கவலையும் அதுவாகவே இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்லாமல் கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கீழூரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே வாக்களித்தவர்கள் 178 பேர். சட்டப்பேரவை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்களும். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் கூடாது என்றார்கள். வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்தர்நாகூரில் 1949-இல் பொதுமக்களே வாக்களித்தார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. தாத்தா போன்ற ஆலைத் தொழிலாளிகளுக்காக வேறு யாரோ வாக்களித்தார்கள். அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை; இங்கே போராடிச் சிறை சென்றவர்களின் பெயர்களை நான் வகுப்பில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன்.

ஆனாலும், நீ யார் என்று வரலாறு தாத்தாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டது அந்த ஆறு மாதத்தில்தான். முதலும் கடைசியுமாக. அதற்கு அவர் சொன்ன பதில் மௌனமா, மோதிரமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கூட்டமாக இருந்தது உண்மையாகவும் இருக்கலாம். கால்கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அப்படியென்றால் என் குடியுரிமை ஒரு நீண்ட வரிசையால் வந்தது. மனம் ஒப்ப மறுக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

“ஊ” வந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “டீச்சர், நாளைக்கு எதுக்கு லீவு?” என்று கேட்டாள். நாளைதான் சட்டப்படி நாம் இந்தியாவோடு இணைந்த நாள் என்றேன். “அப்போ நவம்பர் ஒண்ணு?” என்றாள். அது ஆட்சி வந்த நாள். “அப்போ இன்னிக்கு?” என்றாள். ஒரே பிள்ளைக்கு மூன்று விடுதலை நாள். அவளை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். மிட்டாயைப் பிரிக்காமல் கேட்டாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கீழூருக்குப் போக வேண்டும் என்று இரவே உடுப்பு எடுத்து வைத்திருந்தேன். விடியற்காலை அப்பாவின் உடம்பு சுட்டது, போகவில்லை.

பகலில் சற்றுத் தெளிந்தார். தலையணையைச் சாய்த்து உட்கார வைத்து, அத்தை சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்: சோப்புத் தண்ணீர், காகிதம், ஊக்கு. ஊக்கு என்றதும் சிரித்தார். இடக்கன்னத்தில் மட்டும் சிரிப்பு வந்தது. பிறகு இடக்கையை உயர்த்தி, சட்டைப்பை இருக்கும் இடத்தில் இரண்டு முறை தட்டினார். “தாத்தா அதுக்கப்புறம் வேற மோதிரம் போட்டாராப்பா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். தாளைக் கேட்டு வாங்கி, வெற்றிடத்தின்மேல் பெருவிரலை வைத்தபடியே உறங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 17, சனி

இரவெல்லாம் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சில் இரைச்சல் கேட்கிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. மாமா வாசலில் வந்து நிற்கிறார். ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் பீரோவில் இருக்கின்றன, எடுத்து வைக்க வேண்டும்.