ஜகார்த்தாவில் 'லெந்தேரா' பக்கங்களைத் தேடுகிறவர்களுக்கு

ஒருவழியாக 'லெந்தேரா' பக்கங்களைப் பார்த்துவிட்டேன். இந்தோனேசிய நாவலாசிரியர் பிரமூத்யா அனந்த தூர் (சுருக்கமாகப் பிராம்) 1962 முதல் 'பிந்தாங் தீமூர்' நாளிதழில் நடத்திய இலக்கியப் பகுதி அது. பின்னாளில் பூரூ தீவுச் சிறைமுகாமில் அவர் உருவாக்கிய நான்கு நாவல்களையும் படித்துவிட்டு அவரைக் கொண்டாடுகிறவர்கள், சிறைக்குப் போவதற்கு முன்னால் அவர் யாரையெல்லாம் எப்படித் தாக்கி எழுதினார் என்பதையும் படித்தாக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதைப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் மலேசியாக்காரன், வேலை ஜகார்த்தாவில். மொழி ஒரு தடையே இல்லை. பிராமின் 'கெலுவார்கா கெரில்யா' நாவல் எங்கள் நாட்டில் ஒரு காலத்தில் ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புக்கு, பாடநூல். அவருடைய சொந்த நாட்டில் அவர் பெயரை உரக்கச் சொல்லவே தயங்கிய காலம் அது.

முதலில் போனது ஒரு பெரிய நூலகத்துக்கு. உறுப்பினர் அட்டை உடனே கிடைத்தது. அட்டவணையில் 'பிந்தாங் தீமூர்' இருந்தது, ஆண்டு இருந்தது, அடுக்கு எண்ணும் இருந்தது. சீட்டு எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கு, பாக் (ஐயா)?"

"படிக்கத்தான்."

"அறுபதுகளோட பத்திரிகைன்னா கடிதம் வேணும். வேலை செய்யிற இடத்துல வாங்கிட்டு வாங்க."

அறிவிப்புப் பலகையில் அப்படி ஒரு விதி இல்லை. வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அலுவலகத்தில் கெஞ்சிக் கடிதம் வாங்கிப் போனால், கையெழுத்து இருக்கிறது, முத்திரை எங்கே என்றார். முத்திரையோடு போனால், அனுமதி தர வேண்டிய அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். அதற்கடுத்த முறை கதவே பூட்டியிருந்தது. பண்டிகையை ஒட்டி அரசு அறிவிக்கும் கூட்டு விடுமுறை. கடைசியில் எல்லாம் கூடி வந்த நாளில் வண்டியில் வந்து இறங்கியது 1963ஆம் ஆண்டின் கட்டு மட்டும். 1964? "பழுது பார்க்கப் போயிருக்கு." எப்போது வரும்? "தெரியாது, பாக்." அட்டவணையில் இருக்கிறது என்று வேறொருவர் கணினியில் தட்டிக் காட்டினார். அது எனக்கே தெரியுமே!

அந்த ஊழியர்மேல் கோபம் இருக்கிறது. ஆனாலும் அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கம்யூனிசத்தைத் தடை செய்த 1966ஆம் ஆண்டுத் தீர்மானம் இன்றும் நடப்பில் உள்ளது. பிராம் இருந்த லெக்ரா என்ற இடதுசாரிக் கலை இலக்கிய அமைப்பைப் பற்றிய ஓர் ஆய்வு நூலை 2009இல் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தடை செய்தது. மறு ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை அதிகாரத்தையே பறித்துவிட்டது. அதற்குப் பிறகும் 2018 டிசம்பரில் கெதிரியிலும் அடுத்த மாதம் பாடாங்கிலும் ராணுவத்தினர் புத்தகக் கடைகளுக்குள் புகுந்து 1965இன் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, அதையடுத்த கம்யூனிஸ்ட் வேட்டை பற்றிய நூல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு கவுன்டர் ஊழியர் எதற்கு வம்பு என்று நினைத்தால் என்ன சொல்ல?

சரி, இனி உருப்படியான வழி. ஜகார்த்தாவின் சிக்கினி பகுதியில் தாமான் இஸ்மாயில் மர்சூக்கி கலை வளாகத்துக்குள் எச்.பி. ஜாசின் இலக்கிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே நாளிதழ் என்று கேட்காதீர்கள், எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கத்தரிப்பு உறைகளைக் கேளுங்கள். இலக்கிய விமர்சகர் ஜாசின் வாழ்நாள் முழுக்க செய்தித்தாளைக் கத்தரித்து, தேதி குறித்து, ஒவ்வொரு எழுத்தாளருக்கும் தனி உறையில் போட்டு வைத்தவர். நான் தேடியவற்றில் பாதிக்கு மேல் அந்த உறைகளில் இருந்தன. பழுப்பேறிய தாள், ஓரத்தில் கையால் எழுதிய தேதி, தொட்டால் உதிரும் விளிம்பு. பக்கத்தைத் திருப்பும்போது உள்ளங்கை முழுவதையும் அடியில் கொடுங்கள், விரல் நுனியால் தூக்கினால் கையோடு வந்துவிடும்.

அந்தக் கத்தரிப்புகளின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1962இல் 'லெந்தேரா', இஸ்லாமிய அறிஞரும் எழுத்தாளருமான ஹம்காவின் நாவல் ஒன்று அரபு நூலிலிருந்து திருடியது என்று வாரக்கணக்கில் எழுதியது. ஹம்காவுக்காக வாதாடியவர் ஜாசின். 1963 ஆகஸ்டில் ஜாசினும் நண்பர்களும் 'மனிஃபெஸ் கெபுடாயான்' என்ற பண்பாட்டு அறிக்கையை வெளியிட்டார்கள். கலையை அரசியலுக்கு வேலைக்காரியாக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். லெக்ரா தரப்பு விடாமல் தாக்கியது. 1964 மே 8 அன்று அதிபர் சுகார்னோ அறிக்கையைத் தடை செய்தார், ஜாசினின் பல்கலைக்கழக வேலையும் போனது. தன்னை வசைபாடிய தரப்பின் எழுத்தைக் கத்தரித்து ஒழுங்காக உறையில் போட்டுக் காத்தவரும் அதே ஜாசின்தான். அந்த மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிராம் எழுதியது எனக்கு வலித்தது. அவ்வளவு கூர்மை, அவ்வளவு இரக்கமின்மை. 1965 அக்டோபர் 13 அன்று அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது அவருடைய நூலகத்தையும் கையெழுத்துப் பிரதிகளையும் அழித்தார்கள், துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் காதைக் கெடுத்தார்கள். விசாரணையே இல்லாமல் 14 ஆண்டுகள். இது எதுவும் அந்தப் பழைய தாக்குதலுக்குத் தண்டனையாக முடியாது, அந்தத் தாக்குதலை நியாயப்படுத்தவும் முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1995இல் அவருக்கு மக்சேசே விருது அறிவித்தபோது, எழுத்தாளரும் பத்திரிகையாளருமான மொக்தார் லூபிஸ் அதை எதிர்த்து, தனக்கு முன்பு கிடைத்த அதே விருதைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது ஆண்டு ஆகியும் ஆறாத காயம்.

தேடுகிறவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை, எழுத்துமுறை. 1972இல் இந்தோனேசிய மொழிக்கு எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. 'ஊ' ஒலியை oe என்று இரண்டு எழுத்தாக எழுதியது அதற்கும் முந்தைய டச்சுக் கால வழக்கம். ஒரே ஆளின் பெயர், ஒரே பத்திரிகையின் பெயர், அட்டவணையில் இரண்டு மூன்று விதமாகக் கிடக்கும். ஒரு முறையில் இல்லை என்று வந்தால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள், எல்லா முறையிலும் தட்டிப் பாருங்கள். பிராமை 'தூர்' என்ற கடைசிப் பெயரின் கீழும் தேடுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள். கடிதம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முத்திரையோடு இரண்டு பிரதி பையில் இருக்கட்டும்.

அப்புறம் புத்தகம். பூரூ நாவல்களின் நான்கு பாகங்களையும் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். அசல் ஒரு பாகம் லட்சம் ரூப்பியாவைத் தாண்டும் என்று தெரியும், இவர் தள்ளுபடி என்றார். வந்தது திருட்டுப் பதிப்பு. அட்டைப் படம் மங்கல், தாள் சொரசொரப்பு, மை கையில் ஒட்டுகிறது. எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும் மூன்றாம் பாகம் 'ஜெஜாக் லங்கா'வில் நடுவே பக்கக் கட்டு ஒன்றையே காணோம், அடுத்த கட்டு இரண்டு தடவை வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

1980இல் ஹஸ்த மித்ரா பதிப்பகம் வெளியிட்ட முதல் பாகம் 'பூமி மனுசியா'வின் பிரதி ப்ளோக் எம் வணிக வளாகத்து அடித்தளப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மறு ஆண்டு மே மாதமே தடை செய்யப்பட்ட நூல். பத்தாண்டு முடிவதற்குள், இந்த நாவல்களைப் பரப்பியதற்காக யோக்யகர்த்தா இளைஞர்கள் மூவருக்கு ஏழெட்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள். அப்படிப்பட்ட புத்தகம் என் கையில்! முன்பு வைத்திருந்தவர் காக்கித் தாளில் அட்டை போட்டு, முதுகில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். கடைக்காரர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன்.

பழைய பிரதி வாங்குவதானால் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு பக்க எண்களைக் கடைசிவரை புரட்டுங்கள். தடைக் காலத்து நகல்களும் முதல் பதிப்பு என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. படிக்க மட்டும் என்றால் பிராமின் குடும்பத்தார் நடத்தும் லெந்தேரா திபாந்தாரா பதிப்பை நல்ல கடையில் முழு விலை கொடுத்து வாங்குங்கள்.