புள்ளிகள் குறைந்தால் போதுமா?

மூளையின் நரம்பணுக்களைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய்க்கான மருந்து ஆய்வில் பணியாற்றும் எங்களுக்கு அன்றாடக் காட்சி ஒளிரும் புள்ளிகள்தான். நோய்க்குக் காரணமான ஹண்டிங்டின் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தைப் பிணைத்துச் செல்களில் உருவாகச் செய்கிறோம். தவறாக மடிந்தவை ஒன்றுதிரண்டு கட்டியானதும், நுண்ணோக்கியில் உட்கருவை ஒட்டிக் கூர்மையான பொட்டாகத் தெரியும். மருந்திட்ட தட்டில் பொட்டுகள் குறைந்திருந்தால், மருந்து பலித்துவிட்டது என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். இத்துறையில் நான் கற்றதில் பெரும்பகுதி, உடனே அப்படிச் சொல்லக் கூடாததற்கான காரணங்களே.

கட்டிகளைச் சுமந்த செல்கள் இறந்து, தட்டை விட்டுப் பெயர்ந்து, பழைய வளர்ப்பு ஊடகத்தை உறிஞ்சி எடுக்கும்போது அதோடு போய்விட்டாலும் எண்ணிக்கை குறையும். ராபமைசின் என்னும் மருந்தில் சிக்கல் வேறு. அது எம்டார் என்னும் நொதியை அடக்கி, செல் தன் கழிவைத் தானே செரிக்கும் ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது. அதே அடக்கத்தால் புதிய புரத உற்பத்தியும் மந்தமாகிறது. இருப்பது அகன்றதா, வரத்தே குறைந்ததா என்று பிரித்தறிய, டாக்சிசைக்ளின் என்னும் மருந்தைக் கொண்டு ஹண்டிங்டினை உருவாக்கும் மரபணுவை இயக்கவும் நிறுத்தவும் கூடிய செல்களைப் பயன்படுத்துகிறோம். உற்பத்தியை நிறுத்திவிட்டு மருந்திட்டால், மிஞ்சிய புரதம் அகலும் வேகம் மட்டும் தனியாகத் தெரியும்.

அதிகம் ஏமாற்றுவது, ஆட்டோஃபேஜியை அறிய எல்சி3 என்னும் புரதத்தைப் பார்க்கும் சோதனை. புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இப்புரதம் இரண்டு பட்டைகளாக விழும்; கீழ்ப்பட்டை தடித்தால் கழிவை அடைக்கும் பைகள் பெருகியிருக்கின்றன என்று பொருள். ஆனால் பைகள் அதிகம் உருவானாலும் பெருகும், செல்லின் செரிமான அறையான லைசோசோமில் செரிக்கப்படாமல் தேங்கினாலும் பெருகும். செரிமானத்தைத் தடுக்கும் குளோரோகுவினும் இதே பட்டையைத் தடிக்கச் செய்கிறது. ஆகவே பாஃபிலோமைசின் என்னும் வேதிப்பொருளால் லைசோசோமை முடக்கிய செல்களிலும் மருந்து அப்பட்டையை மேலும் தடிக்கச் செய்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை; செரிமானம் ஏற்கெனவே நின்றுவிட்ட அங்கே கூடும் தடிப்பு, புதிய பைகள் உருவாவதையே காட்டும். பட்டை தடித்த படத்தை மட்டும் காட்டி முடித்துவிடும் அறிக்கைகள் இன்னும் வரத்தான் செய்கின்றன.

கட்டிதான் நஞ்சு என்பதும் உறுதியல்ல. கட்டி திரண்ட நரம்பணுக்கள், திரளாதவற்றைவிடக் கூடுதல் காலம் பிழைத்திருந்ததாக 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கரைந்து பரவிக் கிடக்கும் புரதமே கூடுதல் தீங்கு செய்யலாம். அதனால் புதிய சேர்மம் ஒன்று மேசைக்கு வந்தால், புள்ளிகளின் படத்துக்கு முன்பாகச் செல்கள் எத்தனை நாள் பிழைத்தன என்ற வரைபடத்தைத்தான் கேட்கிறேன்.